ஆன்லைனுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது எப்படி: சைக்கிள் கடைக்காரர் கையேடு



ஃப்ளிப்கார்ட் 2007-ல் பெங்களூரில் புத்தகம் விற்கத் தொடங்கியது. அமேசான் 2013-ல் இந்தியாவுக்குள் வந்தபோது அதுவும் புத்தகத்தையும் சினிமா டிவிடியையும்தான் முதலில் விற்றது. அப்போது, சைக்கிள் கடை முதலாளியே, நீங்கள் கல்லாவில் சாய்ந்து உட்கார்ந்து, “சைக்கிள் என்ன புத்தகமா? ஏறி உக்காந்து பாக்காம எவன் வாங்குவான்?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. கேட்டதோடு நிற்காமல், அன்றிலிருந்து உங்கள் கடையிலும் யாரையும் ஏறி உட்கார விடாமல் பார்த்துக்கொண்டீர்கள். அங்கே தொடங்கியது உங்கள் தொண்டு.

ஆன்லைன் கம்பெனிகள் ஆள் சேர்க்கக் கோடிக்கணக்கில் விளம்பரம் செய்கின்றன. நீங்களோ வாடகை, கரண்ட் பில், ஆள் சம்பளம் எல்லாவற்றையும் கைக்காசிலிருந்து போட்டு, அவர்களுக்கு இலவசமாக ஆள் பிடித்துக் கொடுக்கிறீர்கள். அந்த வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்வதற்கே இந்தக் கையேடு. பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே செய்வதுதான். வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவே.

1. கடையை அடைசலாக வைத்திருங்கள்

காலையில் கடை திறந்ததும் இருபது சைக்கிளை வெளியே தள்ளி, நடைபாதையை மறித்து நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே சங்கிலியில் கோத்துப் பூட்டுங்கள். ஹேண்டில்பாரும் பெடலும் ஒன்றோடொன்று சிக்கும்படி நெருக்கி வைத்தால் ஒரு சைக்கிளை எடுக்க ஆறை நகர்த்த வேண்டியிருக்கும். வந்தவருக்கே கூச்சமாகி, “இருக்கட்டும்ணா, அப்புறம் வரேன்” என்பார். குழந்தைகள் சைக்கிளை மேலே கொக்கியில் மாட்டுங்கள். குழந்தை அண்ணாந்து பார்த்து அழும். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

முக்கியமாக, டயரில் காற்று வைத்திருக்காதீர்கள். காற்று இருந்தால் தெருமுனை வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். ஓட்டிப் பார்த்தவர் திரும்பி வரும்போது பாதி வாங்கியவராகத்தான் வருவார். இந்த ஒன்றை எந்தப் போன் திரையாலும் கொடுக்க முடியாது. ஆகவே முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

2. வந்தவரை நிற்க வையுங்கள்

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. வாடிக்கையாளர் உட்காருவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. இந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி “என்ன ரேஞ்ச்ல பாக்குறீங்க?” என்பதாகவே இருக்கட்டும். யார் ஓட்டப்போகிறார்கள், ஸ்கூலுக்கா உடற்பயிற்சிக்கா, போகிற வழியில் மேம்பாலம் ஏற வேண்டுமா, வீட்டில் மாடிப்படி தூக்க வேண்டுமா என்றெல்லாம் தப்பித்தவறியும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் பொருத்தமான சைக்கிளைக் காட்ட வேண்டிவரும். ஒரு பெண் வந்து கியர் சைக்கிள் கேட்டால் கூடை வைத்த லேடிபேர்டைக் காட்டுங்கள். நல்ல சைக்கிள்தான். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல என்பது உங்கள் காதில் விழக் கூடாது. அவரோடு கணவர் வந்திருந்தால் இன்னும் வசதி: கேள்வி அவர் கேட்கட்டும், பதிலைக் கணவரிடம் சொல்லுங்கள்.

3. அளவைப் பற்றிப் பேசாதீர்கள்

போனில் இருக்கிற அட்டவணைகூட உயரத்தைக் கேட்டுவிட்டுத்தான் ஃபிரேம் அளவைச் சொல்கிறது. நீங்கள் கேட்காதீர்கள். பையனைப் பார்க்காதீர்கள், ஸ்டாக்கைப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு 20 இன்ச் சக்கரம் சரியாக இருக்கும். உங்களிடம் தேங்கிக் கிடப்பதோ 24 இன்ச். “வளர்ற பையன்தானே சார், பெருசாவே எடுத்துடுங்க” என்று அடித்துவிடுங்கள். கால் எட்டாமல் இரண்டு முறை விழுந்து, சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போய்விடும். தங்கச்சிக்கு அடுத்த சைக்கிள் வாங்கும்போது அந்தக் குடும்பம் உங்களை மறக்காது. உங்கள் தெருப் பக்கமே வராமல் வேறு வழியில் போவார்கள்.

4. விலையை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

விலைச் சீட்டு எங்காவது ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டிவிடுங்கள். காரில் வந்தவருக்கு ஒரு விலை, பஸ்ஸில் வந்தவருக்கு ஒரு விலை, கேள்வி கேட்பவருக்கு எரிச்சலோடு ஒரு விலை.

உதாரணத்துக்கு, 9,500 என்று சொல்கிறீர்கள். அவர் போனை எடுத்து அதே சைக்கிள் 7,200 என்று காட்டுகிறார். இந்த இடம் ரொம்ப முக்கியம்; கவனமாகப் படியுங்கள். முதலில் போனையே பார்க்காமல், “அதெல்லாம் டூப்ளிகேட் சார்” என்று சொல்லுங்கள். அவர் கம்பெனி பெயரைக் காட்டுவார். “அப்ப அது செகண்ட் குவாலிட்டி, ஆன்லைனுக்குன்னே தனியா செய்யறாங்க” என்று சொல்லுங்கள். அவர் நகரத் தொடங்குவார். அப்போது பின்னாலிருந்து, “சரி, 7,500 குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க” என்று கூப்பிடுங்கள். ஒரே நிமிடத்தில் மூன்று காரியம் ஆகிவிட்டது. முதலில் சொன்ன விலை சும்மா சொன்னது என்று நிரூபித்துவிட்டீர்கள். டூப்ளிகேட் கதையும் பொய் என்று ஆக்கிவிட்டீர்கள். 7,500-ம் கூட இன்னும் இறங்கும் போல என்கிற சந்தேகத்தையும் விதைத்துவிட்டீர்கள். ஆன்லைனில் 7,200 என்றால் 7,200. அவருக்கு அதில் தூக்கம் வரும்.

இதற்கு மாற்றாக ஒரு கெட்ட வழி உண்டு. எச்சரிக்கைக்காகச் சொல்கிறேன்: “அது பெட்டியில வர்ற விலை சார். நாங்க முழுசா மாட்டி, பிரேக் டைட் பண்ணி, வீல்ல கோட்டம் எடுத்து, ஸ்டாண்டு போட்டு, ஒரு மாசம் கழிச்சு ஒரு சர்வீஸும் ஃப்ரீயா பண்ணித் தருவோம். அதுக்குத்தான் இந்த முன்னூறு கூட” என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுவது. இப்படிச் செய்த கடைக்காரரிடம் பலர் அந்த முன்னூறைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள். ஸ்டாண்டுக்குத் தனி, மட்கார்டுக்குத் தனி, பெல்லுக்குத் தனி என்று பணம் கட்டும்போது ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. செய்தியைப் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். “இது பழைய ஸ்டாக் சார்” என்று சொல்லுங்கள். அடுத்த வருஷமும் அதையே சொல்லலாம்.

5. பில் கேட்டால் முகத்தைச் சுளியுங்கள்

“பில்லு வேணும்னா டாக்ஸ் சேர்த்து ஆகும்” என்ற வாக்கியத்தை மனப்பாடமாக வைத்திருப்பீர்கள். நல்லது. துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கிக் கொடுங்கள். கடைப் பெயரோடு பில் போட்டே ஆக வேண்டுமென்றால் அடியில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று சிவப்பு மையில் அச்சடித்திருக்க வேண்டும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பது முறையற்ற வணிகம். பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ஆனால் சட்டம் இருப்பது டெல்லியில். சிவப்பு மை இருப்பது உங்கள் அச்சகத்தில்.

ஆன்லைனில் பொருள் பிடிக்கவில்லை என்றால் ஒரு பட்டனைத் தட்டுகிறார்கள், ஆள் வீட்டுக்கே வந்து எடுத்துப் போகிறான். உங்களிடம் பிடிக்கவில்லை என்றால் அந்தச் சிவப்பு வரியைக் காட்டுங்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிய வேண்டும்.

6. பெட்டியோடு வருகிறவரை விரட்டுங்கள்

இந்தக் கையேட்டின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஆன்லைன் சைக்கிள் 85 சதவீதம் மாட்டிய நிலையில் வரும் என்று போட்டிருப்பார்கள். மீதி பதினைந்தில்தான் விஷயமே இருக்கிறது. பெட்டியைப் பிரித்தால் பின் சக்கரத்தோடு ஃபிரேம் இருக்கும். முன் சக்கரத்தை ஃபிரேமோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஹேண்டில்பார் பிரேக் வயரில் தொங்கும். ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு பெடல், ஓர் ஆலன் கீ, தகரத்தில் வெட்டியெடுத்தது போல ஒரு ஸ்பேனர். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் பிள்ளையும் மொட்டை மாடியில் வேலையைத் தொடங்குவார்கள்.

இடது பெடலுக்கு மறை எதிர்ப்பக்கம் என்று அப்பாவுக்குத் தெரியாது. வலது பெடலைப் போலவே இதையும் முறுக்குவார். ஏறாது. பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தி முறுக்குவார். கிராங்கில் இருக்கிற மறை வழுக்கிவிடும். பெடலில் இருக்கிற ஒரு சின்ன எழுத்தைப் பார்க்காததற்கு ஒரு கிராங்க் போச்சு. ஃபோர்க்கைப் பின்பக்கம் பார்த்தபடி மாட்டியிருப்பார். அப்படி மாட்டிய சைக்கிளை எந்த ஊர்த் தெருவிலும் பார்க்கலாம். பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் டயரைத் தொடும். டிஸ்க் பிரேக் என்றால் கூரியரில் இடிபட்டு டிஸ்க் லேசாக வளைந்து, சுற்றுக்கு ஒருமுறை கிறீச்சென்று கத்தும். மத்தியானத்துக்குள் பிள்ளை அழுதிருக்கும், அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். சாயங்காலம் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி உங்கள் கடைக்கு வருவார்.

நீங்கள் இவ்வளவு காலம் காத்திருந்த தருணம் இது. அவசரப்பட வேண்டாம். படிப்படியாகச் செய்யுங்கள்.

அ. முதலில் சைக்கிளைப் பார்க்காமல் அவரைப் பாருங்கள். “ஆன்லைனா?” என்று ஒரே சொல்லில் கேளுங்கள்.

ஆ. அவர் தலையாட்டியதும் கடையில் இருக்கிற மற்றவர்கள் காதில் விழும்படி, “ரெண்டாயிரம் மிச்சம் பண்ணீங்கல்ல சார்?” என்று கேளுங்கள்.

இ. “எங்க வாங்கினீங்களோ அங்கயே போய் மாட்டிக்குங்க.” இதைச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். மெக்கானிக்கும் சிரித்தால் விசேஷம்.

இந்த ஒரு வாக்கியத்தால் எவ்வளவு இழக்கிறீர்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்துப் பெருமைப்படுங்கள். அவர் கையில் பணத்தோடு வந்திருந்தார். மாட்டுகூலி, புது கிராங்க், ஸ்டாண்டு, பெல், பூட்டு, மட்கார்டு. சைக்கிளில் நிற்கிற லாபத்தைவிட இந்தச் சில்லறைச் சாமான்களில்தான் லாபம் கூட என்பது உங்களுக்கே தெரியும். புது சைக்கிளில் சில வாரத்தில் பிரேக் வயர் இழுபட்டுத் தளரும், ஸ்போக் தளர்ந்து வீல் ஆடும், மறுபடி வருவார். ட்யூப், டயர், செயின் என்று வருஷக்கணக்கில் வருவார். பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிள் வாங்க யோசிக்கும்போது, “பேசாம அந்த அண்ணன் கடையிலயே எடுத்துடுங்க, நான் தெரியாம ஆன்லைன்ல வாங்கி மாட்டிக்கிட்டேன்” என்று அவரே உங்களுக்குத் தரகராக மாறியிருப்பார். ஆன்லைன் கம்பெனி தன் செலவில் ஒரு வாடிக்கையாளரை உங்கள் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அவரைத் திருப்பி அனுப்ப எவ்வளவு மன உறுதி வேண்டும்! அது உங்களிடம் இருக்கிறது.

அவர் எங்கே போவார் என்று கவலைப்படாதீர்கள். வீட்டுக்கு வந்து மாட்டித் தருகிற ஆளையும் போனிலேயே தேடிக்கொள்வார். கிராங்கும் அங்கேயே கிடைக்கும்.

தேர்ந்த கடைக்காரர்களுக்கு இன்னொரு முறை உண்டு. வேலையை வாங்கிக்கொள்ளுங்கள். கூலியை ஒன்றுக்கு மூன்றாகச் சொல்லி, நான்கு நாள் இழுத்தடித்து, ஹேண்டில்பாரைச் சரியாக இறுக்காமல் கொடுத்து அனுப்புங்கள். பழி எப்படியும் ஆன்லைன் சைக்கிள் மேல்தான் விழும். ஒரு விஷயம்: ஹேண்டில்பார் சுற்றிக்கொண்டால் விழப்போவது அந்தப் பிள்ளை.

7. “நாளைக்கு வாங்க”

சர்வீஸ் கேட்டு யார் வந்தாலும் இதுதான் பதில். “மாஸ்டர் லீவு”, “பையன் சாப்பிடப் போயிருக்கான்”, “முகூர்த்த நாளு, ஆள் இல்ல” என்று காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தெரிவிக்கப் போன் நம்பரை வாங்கி வைக்காதீர்கள். அவரே நான்கு தடவை வந்து பார்க்கட்டும், நடப்பது உடம்புக்கு நல்லது.

மாஸ்டர் என்றதும் நினைவுக்கு வருகிறது. சக்கரத்தைச் சுற்றவிட்டு, கட்டை விரலை ரிம் பக்கத்தில் வைத்துக்கொண்டே எந்த ஸ்போக்கை இறுக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்று கண்டுபிடித்துக் கோட்டம் எடுக்கிறவர் உங்கள் கடையில் ஒருவர் இருப்பார். அந்த வேலையைப் பெட்டியில் போட்டு அனுப்ப யாராலும் முடியாது. ஆகவே அவரை டீ வாங்க அனுப்புங்கள். இருபது வருஷம் ஆனாலும் அதே சம்பளம் கொடுங்கள். அவர் பையன் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது என்று அவரே முடிவு செய்கிற அளவுக்கு நடத்துங்கள். அவரும் போன பிறகு உங்களுக்கும் ஆன்லைனுக்கும் ஒரே வித்தியாசம்தான் மிஞ்சும்: அவன் விலை குறைவு.

யாராவது தாத்தாவின் ஹெர்குலிஸை ஓவராயில் பண்ணக் கொண்டுவருவார்கள். டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்த வண்டி. கம்பெனி தொடங்கியது 1949-ல். ஃபிரேமில் துரு தவிர ஒரு குறையும் இருக்காது. பால்ஸ் மாற்றி, கப்பும் கோனும் பார்த்து, கிரீஸ் வைத்தால் இன்னொரு தலைமுறை ஓடும். “இதெல்லாம் இனிமே வேலைக்கு ஆகாதுங்க, பழைய இரும்புக்குப் போட்டுட்டு புதுசு எடுங்க” என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடியே புதுசு எடுப்பார். எங்கே என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுக்கிறது. “விலையில்லா சைக்கிள் வந்துதான் எங்க பொழப்பு போச்சு” என்று புலம்பிக்கொண்டே, அந்தச் சைக்கிளின் நட்டை இறுக்க வருகிற பிள்ளையை வரிசையில் கடைசியாக நிறுத்துங்கள்.

8. “கம்பெனியிலயே வரல”

ஃபிரெஞ்சு வால்வு ட்யூப், டிஸ்க் பிரேக் பேடு, ஏழு ஸ்பீடு ஃப்ரீ வீல் என்று எதைக் கேட்டாலும் இதுவே பதில். “வியாழக்கிழமை வரவழைச்சுத் தரேன்” என்று சொல்லிவிடக் கூடாது. “வரல” என்று கேட்டதும் அவர் உங்கள் கடை வாசலில் நின்றபடியே ஆர்டர் போடுவார்; நாளை மறுநாள் வந்துவிடும்.

9. சங்கக் கூட்டத்தில் முழங்குங்கள்

மே 5 வணிகர் தினம். கடையை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போங்கள். அன்று அவசரமாக ட்யூப் தேவைப்பட்டவர் போனில் வாங்கிக்கொள்வார். மேடையில் சொல்வதற்கு உங்களிடம் சரக்கு இருக்கிறது. வெளிநாட்டு முதலீட்டில் நடக்கிற ஆன்லைன் சந்தைகள் தாமே சரக்கு வைத்து விற்கக் கூடாது, விலையில் தலையிடக் கூடாது என்று விதி உண்டு. அதை இன்னும் இறுக்கி 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். வேண்டிய விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்ற புகாரில் அமேசான், ஃப்ளிப்கார்ட் இரண்டையும் விசாரிக்கப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. ஆகவே உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதுதான் வசதி. நியாயமான குறை ஒன்று கையில் இருந்தால், முதல் எட்டுப் படிகளையும் அதற்குப் பின்னால் மறைத்துக்கொள்ளலாம். காற்றில்லாத டயருக்கும் சிவப்பு மைக்கும் ஆன்லைன் கம்பெனியா காரணம் என்று கூட்டத்தில் யாரும் கேட்கப் போவதில்லை.

10. உங்கள் சொந்தச் சாமானை ஆன்லைனில் வாங்குங்கள்

கடைக்குப் பில் பிரின்டர் வேண்டுமென்றால் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்குப் போங்கள். அவரை நான்கு மாடல் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். எது நல்லது, பேப்பர் ரோல் எங்கே கிடைக்கும் என்று அரை மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, “வீட்ல கேட்டுட்டு வரேன்” என்று மாடல் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். அவரும் போன வாரம்தான் தன் பொண்ணுக்கு ஆன்லைனில் சைக்கிள் எடுத்தார். ஆக, கணக்கு நேர்.

பார்சல் கொண்டுவருகிற பையன், “அண்ணா, பின் டயர்ல கொஞ்சம் காத்து அடிச்சுக்கலாமா?” என்று கேட்டால் கம்ப்ரசர் ரிப்பேர் என்று சொல்லிவிடுங்கள். ஓடிபியை மட்டும் சரியாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் பார்சல் திரும்பிப் போய்விடும்.